தூணுக்குப் பின்னால் இருக்கும் சீட்டுகள்

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் வைத்த பெயர் சந்தேகம். "அந்தத் தியேட்டருக்கு யாரை அனுப்பலாம்?" "சந்தேகத்தை அனுப்பு" என்று அவர் முகத்துக்கு நேராகவே பேசிக்கொள்வார்களாம். மனுஷனுக்கு அதில் துளியும் கோபம் கிடையாது. பட்டம் வாங்கினவர் மாதிரி வீட்டில் வந்து சொல்வார்.

அவர் வேலை அப்படி. ஒரு படத்தை வெளியிடுகிற விநியோகஸ்தர், அது ஓடுகிற ஒவ்வொரு தியேட்டருக்கும் தன் ஆள் ஒருவரை அனுப்பி வைப்பார். தியேட்டர்காரர்கள் ஆளை உள்ளே விட்டுவிட்டு டிக்கெட்டைக் குறைத்துக் காட்டினால் விநியோகஸ்தரின் பங்கில் துண்டு விழும் இல்லையா? அதனால் இவர் போய் உள்ளே இருக்கிற தலைகளை எண்ணி, விற்ற டிக்கெட்டோடு ஒத்துப்போனால் வசூல் தாளில் கையெழுத்துப் போடுவார். இடைவேளையில் எண்ணுகிறவன் வேலை தெரியாதவன், பாதிப் பேர் கழிவறையில் இருப்பார்கள் என்பார். இவர் திரைக்குப் பக்கத்துக் கதவோரம் கூட்டத்தைப் பார்த்தபடி நிற்பார். வெளிச்சமான காட்சி வந்தால் எல்லா முகமும் பளிச்சென்று தெரியும். எத்தனையோ படத்துக்குப் போயிருக்கிறார், ஒன்றையும் பார்த்ததில்லை. "படம் எப்படிங்க?" என்று கேட்டால், "மூணாவது வரிசையில ஒருத்தன் டைட்டில்லேருந்து தூங்கறான்" என்பார்.

இந்தப் புத்தியை வாசலில் செருப்போடு கழற்றிப் போட்டுவிட்டு வந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், "இது என் உடம்புக்கா, இல்ல கீழே இருக்கிற மருந்துக் கடைக்கா?" என்று கேட்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்க்க மாட்டார், நாற்காலியை எண்ணுவார். எங்கள் பெண் பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினாள். "எங்களுதுதானே? மாறிடலையே?" என்றார் பாருங்கள். மூக்கும் முழியும் அவரை அப்படியே உரித்து வைத்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரி தையல் பிரிந்துவிடும் என்கிற அளவுக்குச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு ஒரே தம்பி. ஒற்றைத் திரை உள்ள ஒரு பழைய தியேட்டருக்கு மேனேஜர். வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறவனாகச் சேர்ந்து அந்த இடத்துக்கு வந்தவன். கல்யாணம் வேண்டாம் என்று தியேட்டரையே கட்டிக்கொண்டான். எந்த சீட்டில் ஸ்பிரிங் குத்தும், எந்த இடத்தில் ஏ.சி. தண்ணீர் சொட்டும் என்றெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். இந்த வருஷ விடுமுறை சீசனுக்கு முன்னால் முதலாளி அவனைக் கூப்பிட்டு, "இந்த சீசனும் காத்து வாங்கினா கட்டடத்தைக் கிடங்குக்காரனுக்கு வித்துடுவேன். நிறைஞ்சா நடத்தலாம்" என்று சொல்லிவிட்டார். தம்பி என்னிடம் வந்து அதைச் சொன்னபோது அவன் குரலே சரியில்லை. அந்த வயதில் வெளியே போய் அவன் என்ன வேலை தேடுவான்?

வழக்கமாகச் சொந்தக்காரர் இருக்கிற தியேட்டருக்கு ஆள் அனுப்ப மாட்டார்கள். ஆனால் விடுமுறைக்கு ஒரே வாரத்தில் ஐந்தாறு படம் வந்து விழுந்ததில் ஆபீசில் ஆள் பஞ்சம். "அவரைப் பெத்த அப்பனா இருந்தாலும் எண்ணிட்டுத்தான் உள்ள விடுவாரு" என்று இவரையே அங்கே போட்டுவிட்டார்கள்.

தம்பி தியேட்டருக்கு எடுத்துப் போட்டது பெரிய ஹீரோ படம். முதல் நாள் திருவிழாக் கூட்டம். மறுநாளே படம் தேறாது என்று ஊர் முழுக்கப் பேச்சு. யாரோ புதுப்பையன்கள் எடுத்த பேய்ப் படம் ஒன்றுக்கு எதிர்த் தெருவில் வரிசை வளைந்து நின்றது. ஆனால் போனைத் திறந்தால் ஹீரோ படத்துக்குத்தான் இத்தனை கோடி, அத்தனை கோடி என்று வசூல் செய்தி. தெருவெல்லாம் மாபெரும் வெற்றி என்று போஸ்டர். "வயிறு நிறைஞ்சவன் ஏப்பம் விட்டுக் காட்டுவானா? சும்மா இருப்பான்" என்றார் இவர். அதிசயம் என்னவென்றால், தம்பி தியேட்டர் வாசலில் மட்டும் ஹவுஸ்ஃபுல் பலகை இறங்கவே இல்லை. நான் வேண்டாத தெய்வம் இல்லை, நன்றி சொல்லிக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தவர் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"உன் தம்பி தியேட்டர்ல என்னவோ சரியில்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "என் தம்பி திருடுறான்னு சொல்றீங்களா? நாக்கு அழுகிப் போயிடும், சொல்லிட்டேன். என்ன, டிக்கெட் இல்லாம ஆளை விடறானா?"

"அப்படி இருந்தா எனக்கு ஏன்டி குழப்பம்? தலை கம்மியா இருக்கு. வித்த டிக்கெட்டை விட ஆள் கம்மி. தாள்ல கையெழுத்துப் போடாம வச்சிருக்கேன்."

"வாங்கினவங்க வந்திருக்க மாட்டாங்க. காய்ச்சலா இருக்கும்."

"அறுபது எழுபது பேருக்கும் ஒண்ணா காய்ச்சலா? அதுவும் டெய்லியா?"

அவருக்குத் தெரிந்த திருட்டெல்லாம் டிக்கெட் குறைகிற திருட்டு. தலை குறைகிற திருட்டை அவர் கண்டதே இல்லை. பிளாக்கில் விற்க யாராவது மொத்தமாக வாங்குகிறானோ என்று வாசலில் போய் நின்று பார்த்தார். பிளாக்கில் விற்கிற அளவுக்கு அந்தப் படத்துக்கு மவுசே இல்லை. கடைசியில் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக் கண் டாக்டரிடம் போனார். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், "அந்த ஆளுக்கே சோடாபுட்டிக் கண்ணாடி, அவர் சொல்றதை எப்படி நம்பறது?" என்று வந்து நின்றார். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு மேட்னிக்கு வா. இடது பக்கம் நீ எண்ணு, வலது பக்கம் நான்."

கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு படத்துக்குக் கூட்டிப்போகாத மனுஷன், தலை எண்ணக் கூட்டிப்போனார். தம்பி மேல் பழி வந்துவிடக் கூடாதே என்று நானும் கிளம்பினேன். கதவோரத்தில் இருட்டில் நின்றோம். எங்கள் பின்னால் திரையில் ஹீரோ குண்டு போட்டு எதையோ வெடித்தான், மொத்தக் கூடமும் வெளிச்சமானது. கொட்டாவி விடுகிறவர்கள், போன் பார்க்கிறவர்கள், சண்டைக் காட்சியில் ஜோராகத் தூங்குகிற ஒரு அம்மா. நல்ல சீட்டிலெல்லாம் ஆள் இருந்தது. என் பக்கத்தில் தூணுக்குப் பின்னால் உள்ள சீட்டுகள் காலி. சொட்டுகிற ஏ.சி.க்குக் கீழே காலி. சுவரோர மூலை முழுக்கக் காலி. இவர் பக்கமும் அதே கதை. என் கணக்கும் அவர் கணக்கும் சேர்ந்து அவர் தினமும் எண்ணியதைத்தான் காட்டின.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இல்லை.

வெளியே கவுண்டர் பெண்ணிடம் போய், மறுநாள் காட்சிக்கு முன்பதிவு திறக்கும்போது கம்ப்யூட்டர் திரையைக் காட்டச் சொன்னார். விற்ற சீட்டு சிவப்பாகும். திறந்ததும் முதலில் சிவந்தது தூணுக்குப் பின்னால் உள்ள வரிசை. அப்புறம் ஏ.சி. சொட்டுகிற இடம். நடுவில் அத்தனை நல்ல சீட்டும் பச்சையாகவே கிடந்தது.

இவர் என் காதோரம் குனிந்தார். "உலகத்துல எவனாவது முதல் ஆளா வந்து தூணுக்குப் பின்னாடி சீட்டைப் பிடிப்பானா? இது இந்தத் தியேட்டர்ல எது மட்டமான சீட்டுன்னு தெரிஞ்சவன் வேலை. நல்ல சீட்டை நிஜமா வர்றவங்களுக்கு விட்டு வைக்கிறான்."

அப்படித் தெரிந்தவன் ஒருத்தன்தான்.

தம்பி அறையில் போனும் கையுமாக இருந்தான். எங்களைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான். இவர் சுற்றி வளைக்கவில்லை. "மாப்ள, அந்த டிக்கெட்டெல்லாம் நீதானே வாங்கற?"

அவன் மறுக்கக்கூட இல்லை. "ஆமா மாமா. முதலாளி இங்க வர்றதே இல்ல, போன்ல வசூலை மட்டும்தான் பாக்கறாரு. சீசன் முடியற வரைக்கும்தான். வீடு கட்ட வச்சிருந்த காசு. வீடு கட்டி நான் மட்டும் என்ன பண்ணப் போறேன்?"

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், இப்பத்தான் கண்ணால பாக்கறேன்" என்றார் இவர். "நிறைஞ்சா நடத்துவேன்னு முதலாளி சொன்னாரே, அதுக்கு என்ன சாட்சி?"

"வாக்குக் குடுத்திருக்காரு மாமா."

"வாக்கா? நிறைஞ்ச தியேட்டருக்கு விலை ஜாஸ்திடா. அது அவருக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க தராசுல எல்லாரையும் நிறுக்காதீங்க! டிக்கெட் வித்திருக்கு, உங்க ஆபீசுக்குப் பங்கு போயிருக்கு. யார் குடி கெட்டுச்சு? தலை சரின்னு எழுதிட்டுப் போங்க. இந்த ஒரு தடவை எனக்காக." கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பேனாவை எடுத்தார். எண்ணிப் பொருந்தாத தாளில் அவர் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு சீசன் முடிகிற வரை தினமும் போட்டார். வீட்டில் யார் மேலும் எந்தச் சந்தேகமும் சொல்லவில்லை. சிலிண்டர்காரன் வந்தபோதுகூட எழுந்து எடை சரிபார்க்கவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டிய எனக்கு அதுவே பயமாக இருந்தது.

விடுமுறையின் கடைசி நாள் இரண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். தம்பி ஹவுஸ்ஃபுல் பலகையில் தூசி துடைத்துக்கொண்டிருந்தான். முகம் களையாக இருந்தது. அப்போது முதலாளியே வந்தார், கையில் கேக் பெட்டி.

"தம்பி, சாதிச்சுட்டப்பா!" என்று அவன் முதுகில் தட்டினார். "ஊர்ல படம் படுத்துடுச்சு, நம்ம தியேட்டர் மட்டும் சீசன் பூரா ஃபுல். அதைப் பாத்துட்டுப் பெரிய கம்பெனிக்காரங்க தேடி வந்துட்டாங்க. கிடங்குக்காரன் சொன்னதைவிட ரெண்டு மடங்கு விலை. நாலு ஸ்கிரீனா பிரிக்கப் போறாங்களாம். காலையில பத்திரம் முடிஞ்சுது."

தம்பி துணியைக் கையில் பிடித்தபடி நின்றான். "அப்ப நான், முதலாளி?"

"அவங்களுக்கு அவங்க ஆளுங்க இருப்பாங்கப்பா. உன்னை நான் சும்மா அனுப்புவேனா, ஏதாவது பாத்துச் செய்யறேன்." பிறகு இவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "சார், உங்களுக்குத்தான் பெரிய கும்பிடு. வசூலெல்லாம் நிஜமான்னு அவங்க இழுத்தாங்க. தாள்ல கையெழுத்து யாருதுன்னு பாத்தாங்க. இந்த ஆள் போட்டதுன்னா வேற விசாரணையே வேண்டாம்னுட்டாங்க."

கேக்கை மேஜையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். தம்பி என்னைக் கேட்கவில்லை, இவரைத்தான் கேட்டான்.

"கண்டுபிடிச்சீங்களே மாமா. அன்னிக்கே உள்ளதை எழுதியிருக்கக் கூடாதா? உங்க கையெழுத்தைப் பாத்துத்தானே வாங்கியிருக்கான்?"

'உங்க அக்கா கும்பிட்டுக் கேட்டதை நீயும்தானே பாத்தே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தப்புத்தான் மாப்ள" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.