எண்பத்தெட்டு கீயும் திண்டிவனம் பஸ்ஸும்

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் என் கீபோர்டுக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தார்கள். கீபோர்டுக்கு என்றால் அதை வைத்திருந்த பெட்டிக்கு. நல்ல கறுப்பு நிறத்தில், என் உயரத்துக்குக் கொஞ்சமே குறைந்த நீளத்தில் இருந்த பெட்டி அது. முன்னால் என் கணவரும் தம்பியும், பின்னால் உதவிக்கு வந்த பந்தல்காரர்கள் இருவருமாக அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு படி ஏறினார்கள். அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பெண்ணின் பெரியம்மா வெளியே வந்தார்.

"நில்லுங்க, நில்லுங்க. இன்னாது இது? நல்ல காரியம் நடக்கிற எடத்துல கறுப்பா, நீட்டா, நாலு பேரு தூக்கினு வர்றீங்க?"

"பாட்டுப் பொட்டிங்க" என்றார் என் கணவர்.

"பாட்டுப் பொட்டின்னா கைல தூக்கினு வர வேண்டிதான? தோள்ல இன்னாத்துக்கு?"

கையில் தூக்க முடிந்தால் தூக்கியிருக்க மாட்டோமா? ஆனால் அந்த அம்மாள் சொன்னதிலும் தப்பில்லை. திரும்பிப் பார்த்த எனக்கே அந்த ஊர்வலம் வேறு எதையோதான் ஞாபகப்படுத்தியது. யாரோ ஓடிப்போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்தார்கள். பெட்டியின் நடுவில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றினார்கள். பிறகு நால்வரும் வலது காலை முன்வைத்து உள்ளே போனார்கள். எங்கள் குழுவின் டோலக்காரர் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முகூர்த்த மாதங்களில் சாயந்தரம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். குழுவை நடத்துகிறவரை எல்லோரும் அண்ணன் என்போம், முக்கியப் பாடகரும் அவர்தான். பல வருடங்கள் குழுவுக்குச் சொந்தமான கீபோர்டையே வாசித்துக்கொண்டிருந்தேன். அது ஒருநாள் மொத்தமாகப் படுத்துவிட்டது. "சொந்தமா ஒண்ணு வாங்கிடுங்க டீச்சர். உங்க கைக்கு ஏத்த மாதிரி இருக்கும்" என்றார் அண்ணன்.

கைக்கு ஏற்ற மாதிரி என்ற பேச்சில்தான் நான் விழுந்தேன். நான் விடுதிப் பள்ளியில் படித்தபோது பிரார்த்தனைக் கூடத்தில் இருந்த பியானோவில் கற்றுக்கொண்டவள். பியானோவில் ஒரு கீயை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டும். அந்தச் சுத்தியலின் கனம் விரலுக்குத் தெரியும். மெதுவாகத் தொட்டால் முணுமுணுக்கும், ஓங்கி அழுத்தினால் அதிரும். சாதாரணக் கீபோர்டில் கீக்கு அடியில் ஸ்பிரிங்தான். விரல் பட்டதும் சத்தம் வந்துவிடும். அதில் வாசிக்கும்போதெல்லாம், சொல்ல வந்ததை முடிப்பதற்குள் தலையாட்டுகிற ஆளிடம் பேசுவது போல எனக்கு எரிச்சலாக இருக்கும்.

புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போனோம். எண்பத்தெட்டு கீ, பியானோ மாதிரியே கனம் வைத்தது, ஒரு மேசை மேல் நீட்டிப் படுத்திருந்தது. இரண்டு கையையும் வைத்தேன். அவ்வளவுதான். கடைக்காரர் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார், எதுவும் காதில் ஏறவில்லை.

"வீட்டுல வாசிக்கவா மேடம், இல்ல வெளியில எடுத்துக்கினு போகவா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டுக்கும் ஆவுற மாதிரி இன்னும் யாரும் செய்யலைங்க."

அவர் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை, நேர்மையாகவே சொன்னார். எனக்குத்தான் ஆசை கண்ணை மறைத்தது. அதையே கட்டித் தரச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் சோறு தண்ணி மறந்து வாசித்தேன். என் கணவர், "சந்தோசமா இருக்குற. நல்லாதான் இருக்கு" என்றார். அதுவரை எல்லாம் சுகம்.

முதல் நிகழ்ச்சிக்குக் கிளம்பியபோதுதான் பேஜாரு ஆரம்பித்தது. ஷேர் ஆட்டோவில் பெட்டியைக் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டியது. நெடுக்கே வைத்தால் டிரைவர் உட்கார இடமில்லை. பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார். "இத்த எங்கம்மா வைக்கிறது? மேல கேரியர்லாம் இப்ப எந்த பஸ்ஸுல இருக்குது?" என்று விசில் கொடுத்துவிட்டார். தனியாகத் தூக்கிப் பார்த்தேன். வாசல்வரைக்கும் கொண்டுபோனதற்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆக, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் என் தம்பியின் கார் வேண்டும், தூக்குவதற்கு என் கணவர் வேண்டும். கணவருக்கு ரயில்வேயில் ஷிப்டு வேலை. தம்பிக்குச் செஞ்சிப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். சீசனில் அவனைப் பிடிக்கவே முடியாது. இரண்டு பேருமே முகம் சுளித்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அண்ணன் போன் செய்து தேதி சொன்னால் நான் "வீட்டுல கேட்டுட்டு சொல்றேன்ணா" என்பேன். வகுப்பில் அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்காரவைக்கிறவள், பக்கத்து ஊருக்குப் போய் வாசிக்க இரண்டு ஆண்களின் லீவு நாளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என்மேலேயே எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஆனி மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு தேதிகளைத் தவறவிட்டேன். பண்ருட்டியிலிருந்து ஒருவர் எனக்குப் பதிலாக வந்து வாசித்தார் என்று டோலக்காரர் சொன்னார். அவர் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினாராம். அண்ணன் என்னிடம் நேரிலேயே பேசினார்.

"உங்க கை மாதிரி வராது டீச்சர். ஆனா ஆள் வருமா வராதான்னு தெரியாம நான் எப்படி தேதிய ஒத்துக்கறது? அடுத்த முகூர்த்த மாசத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். தன்மையாகச் சொன்னதால் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கூட்டத்துக்கு நடுவில் குழுவின் மற்ற நான்கு பேரோடு உட்கார்ந்து வாசிப்பது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த இடம் போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

மறுபடி அதே கடை. இந்தத் தடவை நான் கீயைத் தொடுவதற்கு முன்னால் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டார். அறுபத்தொரு கீ, பையோடு சேர்த்தாலும் மளிகைக்கடை அரிசிப் பையைவிட லேசு. முதுகில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நான்கு நடை நடந்தேன். பிறகு உட்கார்ந்து வாசித்தேன். எதிர்பார்த்த மாதிரியே பிடிக்கவில்லை. இடது கை கீழே இறங்கும்போது கீ தீர்ந்துபோய் விரல் கட்டையின் விளிம்பில் இடித்தது. மென்மையாகத் தொட நினைத்த இடத்தில் பளீரென்று கத்தியது. ஒரு நிமிடம் அழுகை வந்தது என்றே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வாங்கினேன்.

வீட்டில் பெரியதைக் கூடத்தில் வைத்துவிட்டு, சின்னதைப் படுக்கையறையில் வைத்துப் பழகினேன். இடது கைக்குப் புதிதாக வேலை பிரித்துக் கொடுத்தேன். ஆழமான சுரங்களையெல்லாம் குழுவின் பேஸ் கிட்டார்காரர் எப்படியும் வாசிக்கிறார், அவருக்கே விட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், ரிசப்ஷனில் ஒரு பக்கம் டோலக், ஒரு பக்கம் பந்தியில் "இங்க சாம்பார்" என்ற குரல், நடுவில் போட்டோ எடுக்க வரிசை. இந்தச் சந்தடியில் என் விரலின் நளினத்தை இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். இது தெரிந்தபோது கொஞ்சம் வருத்தமாகவும் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

விழுப்புரத்திலேயே ஒரு சின்ன நிச்சயதார்த்தத்துக்கு முதலில் அதைக் கொண்டுபோனேன். அன்றைக்கும் கணவர்தான் பைக்கில் கூட்டிப்போனார். அண்ணனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. டோலக்காரர் மட்டும், "இன்னிக்கி உங்க கை கொஞ்சம் ஜல்தி காட்டுது டீச்சர்" என்றார். அந்த ஒருவராவது கவனித்தாரே என்று எனக்குச் சந்தோஷம்.

ஆவணி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். கணவர் ட்யூட்டியில் இருந்தார். அண்ணன் போன் செய்தார்.

"டீச்சர், சாயந்தரம் திண்டிவனத்துல ரிசப்ஷன். பண்ருட்டிக்காரருக்கு ஜுரமாம், வர முடியாதுன்னுட்டாரு. தம்பிய கேட்டுப் பாத்து சொல்றீங்களா?"

"யாரையும் கேக்க வேணாண்ணா. நான் வர்றேன்."

"யாரையும் கேக்க வேணாமா? அப்ப இந்த மாசத் தேதியெல்லாம் சொல்லிடட்டுமா?" என்றார்.

"சொல்லுங்கண்ணா."

புடவை மாற்றி, பையை முதுகில் மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினேன். டவுன் பஸ்ஸில் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து திண்டிவனம் பஸ். கண்டக்டர் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணம் ஆன பிறகு எந்த நிகழ்ச்சிக்கும் நான் தனியாகப் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெரியதை விற்க மாட்டேன். அது என் விரல்களுக்கு. இது எனக்கு.

போன் அடித்தது. கணவர்.

"வூடு பூட்டிக் கெடக்குது. எங்க போன?"

"திண்டிவனத்துல ரிசப்ஷன். பஸ்ஸுல போய்க்கினு இருக்கேன். கூட்டேரிப்பட்டு தாண்டிடுச்சி."

"சொல்லியிருந்தா பர்மிஷன் போட்டுக்கினு வந்திருப்பேன்ல. பொட்டிய யாரு தூக்கினு வந்தது?"

"நாந்தாங்க."

"அப்ப நான் இன்னா பண்றது?" என்றார்.

"மாவு இருக்குது. தோச ஊத்திக்கோங்க."