நின்ற ரயிலிலிருந்து குதித்தேன்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் ஆரணியில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்து, ஒருவழியாக அரசுப் பள்ளி வேலைக்குக் கார்டு வந்திருந்தது. மதியம் திருவண்ணாமலையில் சர்ட்டிபிகேட் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் போய் நின்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் ரயில் பிடிக்கக் களம்பூருக்குத்தான் போக வேண்டும். நான், வீட்டுக்காரர், சின்ன மகள் மூவரும் காலை பாசஞ்சரில் ஏறினோம். ஒற்றைத் தண்டவாளம். எதிர் வண்டி வந்து போகும்வரை எங்கள் வண்டி நிற்கும் என்றார்கள். பாப்பா தண்ணீர் கேட்டாள் என்று அவளைத் தூக்கிக்கொண்டு அவர் பிளாட்பாரக் குழாய்க்குப் போனார். அவர் இடத்தில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று சர்ட்டிபிகேட் பையை அங்கே வைத்தேன்.

வளையல் பெட்டியும் கையுமாக ஒரு அம்மா வந்தார். "பையை எடும்மா, உக்காந்துக்கறேன்" என்றார்.

"ஆள் வராங்க."

"வந்தா எழுந்துக்கறேன், இன்னா இப்போ?"

"அதுல சர்ட்டிபிகேட் இருக்குங்க. இன்னிக்கு வேலைக்குக் காட்டணும், கீழ வைக்க முடியாது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நல்லா கீது நாயம்! பை உக்காந்துகினு வரும், நான் நின்னுகினு வரணுமா?" என்று அவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

என் ஜன்னலுக்கு வெளியே எதிர் வண்டி வந்து நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வண்டி நகர ஆரம்பித்தது. எதிர் வண்டியின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின, வேகமும் கூடியது. ஐயோ, அவரும் பாப்பாவும் கீழே!

கத்திக்கொண்டே பிளாட்பாரப் பக்கக் கதவுக்கு ஓடினேன். ஓடும் வண்டியிலிருந்து இறங்கினால் அது போகும் திசையிலேயே கொஞ்ச தூரம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் நிலைமம் நம்மைக் கவிழ்த்துவிடும். வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம். அதன்படியே குதித்து, அதன்படியே ஓடி, சேலை தடுக்கி முழங்காலில் விழுந்தேன்.

"இன்னா ஆச்சு? ஏன் இப்படி ஓடிகினு வர?" என்று வீட்டுக்காரர் பதறினார்.

"வண்டி கெளம்பிடுச்சுங்க!"

அவர் வண்டியைக் காட்டினார். அது நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தது. நகர்ந்தது எதிர் வண்டி. பிளாட்பாரமே சிரித்தது. சார்பு இயக்கத்துக்கு இதே ரயிலைத்தான் நான் போர்டில் படம் போட்டு விளக்குவேன். மானமே போயிற்று.

குழாயில் முழங்கால் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, லைன் காலியாகி எங்கள் வண்டி நிஜமாகவே கிளம்பிவிட்டது. அவர் தோளில் குழந்தை. எனக்கோ காலை ஊன்ற முடியவில்லை. பை உள்ளே. வெட்கம் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

வெளியே ரோட்டில் அரிசி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று, ரயில் போகும் வழியிலுள்ள போளூர்ப் பக்கம் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கெஞ்சியதும் டிரைவர் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். அந்த அம்மா என்மேல் கோபத்தில் இருந்தாரே, பையை எங்கேயாவது தூக்கிக் கடாசிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

போளூருக்கு நாங்கள் போய்ச் சேருவதற்குள் வண்டி போய்விட்டிருந்தது. பிளாட்பார பெஞ்சில் அந்த அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். வளையல் பெட்டி தரையில் இருந்தது. என் பை அவர் மடியில் இருந்தது.

"வந்துட்டியா? நிக்கிற வண்டியிலருந்து எதுக்கும்மா அப்படிக் குதிச்ச? பேய் கீய் புடிச்சிகிச்சோன்னு பயந்தே பூட்டேன்!"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருவண்ணாமலையில் தங்கச்சி மகளுக்கு வளைகாப்பாம், அதற்குத்தான் அந்த வளையல். "உங்களுக்கு லேட்டாயிடுச்சே" என்று வீட்டுக்காரர் சங்கடப்பட்டார்.

"அதுக்குள்ள கொழந்தையா பொறந்துடப் போவுது? வேலைக்குக் காட்டணும்னு சொன்னாளே. ஜல்தியா வாங்க, பஸ்ஸைப் பிடிப்போம்."

பஸ்ஸில் அந்த அம்மாவுக்குத்தான் ஜன்னல் சீட்டு. சரிபார்ப்புக்கு நேரத்தில் போய்விட்டேன், வேலையும் கிடைத்தது. அவர் பேரைக் கேட்க மட்டும் தோன்றவே இல்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

சார்பு இயக்கம் நடத்தும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன். "டீச்சர் எதைப் பார்த்திருக்கணும்?" என்று கேட்டால், "பிளாட்பாரத்தை!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். விழுந்ததோடு கதையை நிறுத்திவிடுவேன். இப்போதெல்லாம் ரயிலில் யாராவது வந்து நின்றால் அவர்கள் கேட்பதற்கு முன்பே பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் இடம் தராத ஒருவர் தன் இடத்தை விட்டு இறங்கியதால்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.