இரண்டாவது பிளாப்பி

ஜலஜாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. மயிலாப்பூரில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, தி.நகரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிறிய கம்பெனி ஒன்றுக்குப் போய்வந்தாள். கிளம்ப மறுக்கும் கம்ப்யூட்டர்களிலிருந்து தகவல்களை மீட்க, அவளும் உடன் வேலை பார்த்த வெங்கடேஷும் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைச் சுருக்கி ஒரே பிளாப்பித் தகட்டில் அடைத்திருந்தார்கள். லேசில் அடைபடவில்லை. ஒன்றரை எம்.பி.கூட இல்லாத இடம். ஒன்றை உள்ளே வைத்தால் இன்னொன்றை வெளியே தள்ள வேண்டும். கம்ப்யூட்டருக்குள் செருகிய கார்டுகளை லினக்ஸுக்கு அடையாளம் காட்டும், எப்போதாவது தேவைப்படும் டிரைவர் புரோகிராம்களைத் தனித்தனித் துண்டுகளாக இரண்டாவது பிளாப்பியில் போடலாம் என்று பிடிவாதம் பிடித்தவள் ஜலஜாதான்.

"ரெண்டுன்னா ஒண்ணு கெட்டுப்போவும், ஜலஜா. முக்கியமானத மட்டும் ஒண்ணுலயே வச்சு மூடிடலாம்" என்றான் வெங்கடேஷ். அவள் கேட்கவில்லை.

தொண்ணூற்றெட்டு நவம்பரில் மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, அடையாறில் இருந்த ரத்த வங்கி ஒன்றிலிருந்து, கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்று அழைப்பு வந்தது. ஜலஜா நனைந்தபடி போய் இறங்கியபோது, அங்கே பொறுப்பிலிருந்த நர்ஸ் முத்துலட்சுமி டெலிபோனும் கையுமாக நின்றிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில பிரசவமான பொண்ணும்மா, ரத்தம் நிக்கல. பாம்பே குரூப். வேற எந்த ரத்தமும் சேராது. குடுக்கக்கூடியவங்க நம்ம லிஸ்ட்ல ஏழு பேரு. அந்த லிஸ்ட் இந்தப் பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு." பழைய நோட்டில் இருந்த நம்பர்கள் எல்லாம் மாறிப்போயிருந்தன.

ஜலஜா முதல் பிளாப்பியைப் போட்டாள். லினக்ஸ் எழுந்தது, ஆனால் ஹார்டு டிஸ்க் அதன் கண்ணில் படவில்லை. அந்த டிஸ்க் ஒரு தனி கார்டு வழியாக இணைக்கப்பட்டிருந்தது. அந்தக் கார்டுக்கான டிரைவர் இரண்டாவது பிளாப்பியில் இருந்தது. அதைச் செருகினாள். டிரைவ் கரகரவென்று உராய்ந்து, படிக்க முடியவில்லை என்றது. துடைத்துப் போட்டாள். மறுபடியும் அதேதான். 

தி.நகரிலிருந்து இன்னொன்று கொண்டுவர, தண்ணீர் தேங்கிய சாலையில் ஒரு மணி நேரமாவது ஆகும். வரவேற்பு மேசையில் மோடம் வைத்த வேறொரு கம்ப்யூட்டர் இருந்தது. தேவை அந்தச் சின்னத் துண்டு மட்டும்தான். டெலிபோன் வழியாகவே வரவழைத்துவிடலாம்.

"சிஸ்டர், அந்த லைன் வேணும்."

"இருக்கறதே ஒரு லைன். ரத்தம் குடுக்கறவர் ஒருத்தர் வீட்டுக்குப் பக்கத்துல சொல்லி வச்சிருக்கேன். அவங்க திருப்பிக் கூப்பிட்டா?"

"அஞ்சு நிமிஷம்."

"அதுக்குள்ள வந்துடுமா?"

"தெரியாது சிஸ்டர். ஆனா எனக்கு வேற வழி தெரியல."

 முத்துலட்சுமி ரிசீவரை நீட்டினாள்.

மறுமுனையில், ஆபீசிலிருந்த வெங்கடேஷ் குத்திக்காட்டவில்லை. "கார்டு மேல இன்னா நம்பர் போட்டுக்கீது, படி" என்றான். படித்தாள். மோடத்தில் லைனைச் செருகியதும் அவன் துண்டை அனுப்பத் தொடங்கினான். பாதி வந்ததும் மழையில் லைன் இரைந்து இணைப்பு அறுந்தது. மறுபடி டயல் செய்தாள். முத்துலட்சுமி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது நிமிடம் துண்டு முழுதாக வந்து சேர்ந்தது. ஜலஜா அதைப் புதுப் பிளாப்பியில் ஏற்றி, கிளம்பாத கம்ப்யூட்டரில் கொண்டுபோய்ப் போட்டதும் டிஸ்க்கின் சிவப்பு விளக்கு மினுக்கியது. ஏழு பெயர்களும் திரையில் வந்தன.

மூன்று நம்பர்கள் எடுக்கவே இல்லை. நான்காவதாகக் கொட்டிவாக்கத்தில் ராஜரத்தினம் என்கிற வேன் டிரைவர் எடுத்தார். "வண்டிய எடுத்துக்கினு வரேன்மா" என்றவர் முக்கால் மணியில் வந்து சேர்ந்தார். ஆறாவது நம்பர்க்காரரும் வந்தார். சாயங்காலம், ரத்தம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. அதைக் கேட்ட பிறகே ஜலஜா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் ஆபீசில் இருவரும் கட்சி மாறி வாதாடினார்கள். "நீ சொன்னதுதான் சரி, முக்கியமானத மட்டும் ஒண்ணுலயே வச்சிடலாம்" என்றாள் ஜலஜா. "துண்டா இருந்ததாலதானே போன்ல வந்துது?" என்றான் வெங்கடேஷ். கடைசியில், அதிகம் புழங்கும் மூன்று கார்டுகளின் டிரைவர்கள் துண்டுகளாகவே முதல் பிளாப்பிக்கு வருவது என்றும், மிச்சத்துக்கு எப்போதும் இரண்டு பிரதி எடுத்துச் செல்வது என்றும் முடிவானது. அதற்கு இடம் வேண்டுமே. முதல் பிளாப்பியைப் போட்டதும் திரையில் வருவதற்காக மூன்று வாரம் உட்கார்ந்து தான் எழுதிய அழகான மெனுவை ஜலஜா தன் கையாலேயே அழித்தாள்.