லோடு ஆட்டோவில் அத்தை

பி.இ. முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தெருக்காரர்களைப் பின்னால் ஏற்றிப் போனபோது வண்டி பள்ளத்தில் குதித்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தை வெளியே விழப் பார்த்தார். அருகிலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டதால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார்.

“இன்சூரன்ஸ் இருக்கு அத்தை, பயப்படாதீங்க” என்றேன்.

கூட வந்திருந்த, இன்சூரன்ஸ் ஏஜென்டான என் நண்பன் சிரித்தான். “சரக்கு வண்டியில ஆளை ஏத்துனா அவங்களுக்கு இழப்பீடு கிடைக்காதுலே. ஏதாவது ஆயிருந்தா நீதான் கொடுக்கணும்.”

“ரோட்டுல போறவங்களை இடிச்சா?”

“அதுக்கு உண்டு.”

“இடிச்சா உண்டு, ஏத்துனா இல்லியா? என்னலே நியாயம் இது!”

பாலிசியை மூன்று முறை படித்தும் நியாயம் பிடிபடவில்லை. ஆனாலும் இப்போது சரக்கு மட்டுமே ஏற்றுகிறேன். இந்த வருடக் கொடைக்கு எல்லோரையும் வேனில் அனுப்பிவிட்டு, சமையல் பாத்திரங்களோடு போய் இறங்கினேன்.

“அண்டாவுக்கு இடமிருக்கு, அத்தைக்கு இல்லியோலே?” என்றார் செல்லம்மா அத்தை. எனக்கே புரியாததை அவருக்கு எப்படி விளக்க?