வலைத்துணிக்கு அந்தப் பக்கம்

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டில் வலைத்துணிக்கு வேலை அதிகம். சன்னலுக்கு லங்சீர் என்கிற திரை, சாப்பாட்டின் மேல் ஈ உட்காராமல் மூடும் குடை, தேங்காய்ப்பால் வடிகட்டும் துண்டு, தங்கச்சி பாவாடையின் உள்ளடுக்கு. பகலில் சன்னல் வலை வழியே வீட்டுக்குள் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்து உள்ளே விளக்கைப் போட்டால் நாங்கள் சாப்பிடுவதுகூடத் தெருவுக்குத் தெரியும். "லைட்டு போட்டாச்சு, தடிச்ச லங்சீர இழுடி!" என்று அம்மா தினமும் கத்துவார்.

நான் மின் தொழில்நுட்பம் படித்தவள். கோயில் மண்டபத்தில் போட்ட நாடகத்துக்கு விளக்குகள் என் பொறுப்பு. கதை ஒரு பழைய ரப்பர் தோட்டத்தைப் பற்றியது. தோட்டம் கைமாறி, வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, லாரியில் ஏற்றிய சாமான்களைத் திரும்ப இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோனவர் என் தோழியின் அம்மா. அந்த அம்மாவாகத் தோழியே நடித்தாள்.

ஒத்திகையில் கோயில் கமிட்டித் தலைவர் கையைத் தட்டி நிறுத்தினார்.

"இந்தக் கட்டம் வேணாம்மா. தோட்டத்த வாங்குனவங்க முன்வரிசையில உக்காருவாங்க. கோயில் கூரைக்குக் காசு குடுக்கிறவங்க லா."

"நடந்ததுதானே, அண்ணே?" என்றேன்.

"நடந்தா என்ன? 'எல்லாரும் சந்தோசமா வீடு மாறுனாங்க'ன்னு ஒருத்தர் வந்து சொல்லட்டும். முடிஞ்சது."

தோழி என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "எங்கம்மா பாக்க வாரேன்னு சொல்லிருக்கு."

ஈப்போ கடையில் வெள்ளை வலைத்துணி வாங்கி, தைத்து, மேடையின் குறுக்கே தொங்கவிட்டேன். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்ததும் அது வெள்ளைச் சுவராகிவிட்டது.

"நல்லா இருக்கு, பின்னால ஒன்னும் தெரியல," என்றார் தலைவர்.

நாடகத்தன்று, துணிக்கு முன்னால் ஒருவர் வந்து அந்த வரியைச் சொல்லிவிட்டுப் போனார். முன்விளக்கைத் தணித்தேன். பின்விளக்கை ஏற்றினேன். சுவர் காணாமல் போய், லாரியும் வீட்டு வாசலும் தெரிந்தன. தோழி லாரியிலிருந்து சட்டியைத் தூக்கினாள்.

தலைவர் குனிந்தபடி என்னிடம் ஓடி வந்தார். "லைட்ட அடைம்மா!"

"முடியாது, அண்ணே."

"ஏன், கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் வேலை செய்யுது. நான்தான் அடைக்க மாட்டேன்."

அவர் கை நீட்டுவதற்குள் விசைமேல் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்.

அப்போது தோழியின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஏய், சட்டி இல்லடி! மொதல்ல உன்னத்தான் எறக்குனேன்!"

மண்டபம் சிரித்தது. முன்வரிசை மட்டும் சிரிக்கவில்லை. தோழி சட்டியை லாரியில் திரும்ப வைத்தாள். ஒரு சேலையைச் சுருட்டி, பிள்ளையைப்போல் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள்.

விளக்கை முழுவதும் ஏற்றினேன்.