ஒரு கட்டைவிரலும் கெட்டுப்போன வயிறும்

என் வீட்டுக்காரர் காலேஜில் கணக்கு வாத்தியார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கால்குலஸ் சொல்லிக்கொடுத்தவருக்கு மத்தியான வெயிலில் கோயில் கல் சுடும் என்பது தெரியவில்லை. தெரியாமல் என்ன, உறைக்கவில்லை. சர்க்கரை வியாதி அவர் பாதத்திலிருந்த உணர்ச்சியை எப்போதோ துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தது. நிதானமாகப் பிரதட்சிணம் முடித்து, வீட்டுக்கு வந்து, சோபாவில் காலை நீட்டி நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் பெரிதாக ஒரு கொப்புளம். நான்தான் பார்த்தேன். "ஏன்னா, இது என்னது?" என்றேன். அவர் குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "அடடே" என்றார்.

அந்த "அடடே" சீக்கிரமே புண்ணாகிச் சீழ் வைத்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண். வாய் மட்டும் பெரியது. மலையாளமும் தமிழுமாகக் கலந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அங்கிள், இந்த ஆன்டிபயாடிக் கோர்ஸ் முழுக்கச் சாப்பிடணும், கேட்டோ. நடுவுல நிறுத்தினா இந்த விரலை எடுக்க வேண்டி வரும். விரலோட நின்னா பாக்கியம்."

அவரோ, "வலியே இல்லையே டாக்டர்" என்கிறார். வலி இல்லாததுதான் வியாதியே! இந்த மனிதருக்கு எவன் டிகிரி கொடுத்தான்?

அதன் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. விரல், விரல் என்று ஒரே ஜபம். மாத்திரையோடு ஒரு பவுடர் பாக்கெட்டும் எழுதியிருந்தாள். அதைப் பற்றி ஏதோ நீளமாகச் சொன்னாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மாத்திரை உள்ளே போன மறுநாளே வயிறு பிய்த்துக்கொண்டது. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் தெருவில், கக்கூஸ் கொல்லைக் கடைசியில். இடையில் ரேழி, கூடம், அடுக்களை, முற்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைப்படி. புண் காலோடு வேகமாக நடக்கக்கூடாது என்று உத்தரவு. வயிறு உத்தரவுக்கு அடங்குமா? வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. நான் சிரித்தேன். பிறகு அடுக்களைக்குள் போய் விரலை நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பவுடர் பாக்கெட் ஞாபகம் வந்தது. மருந்துக்கடைப் பையனிடம் கேட்டேன். "இது நல்ல பாக்டீரியா ஆன்ட்டி. ஆன்டிபயாடிக் வயித்துல உள்ள நல்லதையும் சேர்த்துக் கொல்லும். இது பதிலுக்கு. தண்ணில கலக்கிக் கொடுத்தா மதி, போதும்" என்றான். தண்ணீர் என்றால் இந்த மலையாள ஊரில் என்ன? ஜீரகம் போட்டுத் தளதளவென்று கொதித்த தண்ணீர்தானே. பச்சைத் தண்ணீர் குடிக்கிறவனை இங்கே எல்லாரும் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நானும் அடுப்பிலிருந்து இறக்கின ஜீரகத் தண்ணீரில் பவுடரைத் தட்டி, நன்றாக ஆற்றாமல் கொள்ளாமல், மாத்திரையையும் கையில் வைத்து ஒரே மடக்கில் முழுங்கச் சொன்னேன். ஒரு வேலை மிச்சம் என்று எனக்கு அப்படி ஒரு திருப்தி.

தயிர் நல்லது என்று யாரோ சொன்னார்கள். உடனே என் நாத்தனார் அடுத்த தெருவிலிருந்து வந்து இறங்கினாள். அவருக்கு அக்கா, எங்கள் எல்லாருக்கும் ஹைகோர்ட்.

"புண்ணு இருக்கறவனுக்குத் தயிரா? சீழ் கோத்துக்கும்டீ! உனக்கு யாருடீ சொன்னா?"

"டாக்டர் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலையே அக்கா."

"அவ கொழந்தை. அவளுக்கு என்ன தெரியும்? வேணும்னா மோரைக் காய்ச்சிக் குடு. மஞ்சப்பொடி போட்டு, வெந்தயம் போட்டு, நன்னா சூடு பண்ணு. குளிர்ச்சி போயிடும்."

காய்ச்சிய மோர் இந்த மண்ணில் வந்து நாங்கள் கற்றுக்கொண்ட உத்தமமான பதார்த்தம். அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆகவே தினமும் ஒரு சட்டி காய்ச்சினேன். வயிறு மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. புண்ணுக்குக் கட்டு இருந்ததால் வேட்டியிலேயே காலேஜுக்குப் போய் வந்தார். லீவு போடுங்கோ என்றால் பரீட்சை நேரம் என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் காலேஜிலிருந்து சீக்கிரமாகவே வந்துவிட்டார். நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பினால், கொல்லைக் கொடியில் அவருடைய வேட்டி சொட்டச் சொட்டத் தொங்குகிறது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை துவைத்து அறியாத மனிதர்! "சூரியன் மேற்கே உதிச்சுடுத்தா?" என்றேன். "சும்மாத்தான் இருந்தேன்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

அன்றைக்குப் பிறகு வயிறு நின்றது. அடேயப்பா, நின்றதே நின்றது! கொல்லைப்பக்கம் ஓட்டம் இல்லை, நடுராத்திரி விளக்கு இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பவுடரும் மோரும் சேர்ந்து வேலை செய்துவிட்டன என்று தெருவெல்லாம் சொன்னேன். எதிர்வீட்டு மாமி காய்ச்சிய மோருக்கு என்னிடம் அளவு கேட்டாள். நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் சொன்னேனோல்லியோ" என்று வருகிறபோதும் சொன்னாள், போகிறபோதும் சொன்னாள்.

விரல் மட்டும் எங்கள் பெருமையில் கலந்துகொள்ளவில்லை. கட்டைப் பிரிக்கிறபோது ஓரத்தில் கறுப்பு தெரிந்தது. முதலில் மருந்துக் கறை என்று நினைத்தேன். துடைத்தால் போகவில்லை. மறுநாள் வாடை வந்தது. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஏன் இப்படி?

அன்று சாயங்காலம் சட்டையை வாஷிங் மெஷினில் போடுமுன் பையில் கைவிட்டேன். சந்தனக் காகிதம், பஸ் டிக்கெட், சாக்பீஸ் துண்டு. அதற்கடியில் மாத்திரைகள். ஒன்றல்ல, இரண்டல்ல. நான் கையில் எடுத்துக் கொடுத்து, முழுங்கிவிட்டார் என்று நம்பிய மாத்திரைகள்.

நான் போட்ட சத்தத்தில் முற்றத்துக் காக்கை பறந்தது. அவர் அசையவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரலில் ஆரம்பித்தார்.

"கொஞ்சம் யோசிச்சுப் பாரு. ஒண்ணு பாக்டீரியாவைக் கொல்றது. இன்னொண்ணு பாக்டீரியாவைக் கொண்டு விடறது. ஒரு மைனஸ், ஒரு ப்ளஸ். நெட் ஸீரோ. ரெண்டும் எதுக்கு? ஒண்ணை நிறுத்தினேன்."

"எதை?"

"வயித்தைக் கெடுக்கறதை."

"கணக்கா சொல்றேள் கணக்கு! விரல் போனப்பறம் கால்ல மிச்சம் எத்தனைன்னு எண்ணிப் பார்த்துக்கோங்கோ! கிளம்புங்கோ இப்பவே டாக்டர்கிட்ட!"

கிளம்பினார். ஆனால் தெருமுனையில் நிற்கிற ஆட்டோவில் ஏற மாட்டேன் என்றார். பஸ்ஸில் போகலாமாம். அழுகின விரலை வைத்துக்கொண்டு கிழக்கே கோட்டைவரைக்கும் நடந்து போய் பஸ் பிடிக்கலாமாம். கெஞ்சினேன், திட்டினேன். அந்த ஸ்டாண்ட் வண்டி வேண்டாம் என்பதிலேயே நின்றார். கடைசியில் என் போனில் வேறு ஆட்டோவை வரவழைத்து, ஏறக்குறைய தள்ளி ஏற்றினேன். வழியெல்லாம் அவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் கட்டைப் பிரித்தாள்.

"மாத்திரை எல்லாம் சாப்பிட்டீங்களா அங்கிள்?"

"சாப்பிட்டேன்" என்றார். கூசாமல்!

நான் கைப்பையைத் திறந்து மாத்திரைகளை மேஜைமேல் கொட்டினேன். டாக்டர் அவற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் ப்ளஸ் மைனஸ் கணக்கை மறுபடியும் எடுத்தார். அவள் முழுவதும் கேட்டாள். "கணக்கு நல்லா இருக்கு அங்கிள். ஆனா காரணம் அது இல்லல்லோ?" என்றாள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மலையாளத்தில் சொன்னார். எங்கள் வீட்டுத் தமிழில் என் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலேஜிலிருந்து ஆட்டோவில் வந்திருக்கிறார். கோட்டைப் பக்கம் ஏதோ ஊர்வலம், வண்டிகள் நகரவில்லை. இறங்கி ஓடவும் காலில்லை. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வண்டியிலேயே ஆகிவிட்டது. ஓட்டினவன் எங்கள் முனை ஸ்டாண்டில் நிற்கிற பிள்ளை, இவரிடம் கணக்குப் படித்தவன். திரும்பிப் பார்த்து, "ஸாரமில்ல ஸாரே" என்றானாம், பரவாயில்லை என்று. அவன் அதைச் சொல்லாமல் முகத்தைச் சுளித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றார். வீட்டில் நான் இல்லாதது பெரிய ஆறுதலாக இருந்ததாம். தானே குழாயடியில் வேட்டியைத் துவைத்திருக்கிறார். அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"விரல் போனா போகட்டும்னு தோணித்து டாக்டர். அது மறுபடி ஒரு தடவை ஆகறதைவிட."

நான் மேஜைமேல் கொட்டின மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

டாக்டர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "இது அன்னைக்கே பறயண்டே, சொல்ல வேண்டாமா அங்கிள்? வயிறு இப்படிப் போகுதுன்னு ஒரு போன் பண்ணியிருந்தா நான் அப்பவே மாத்திரையை மாத்தியிருப்பேன். இது எத்தனை பேருக்கு வர்றது தெரியுமா? சும்மா நீங்களே நிறுத்தினதாலதான் இந்த விரல் இப்படி." புண்ணைச் சுத்தம் பண்ணினாள். மலத்தை டெஸ்டுக்குக் கொடுக்கச் சொன்னாள், குடலில் வேறு பொல்லாத கிருமி ஏதும் புகுந்திருக்கிறதா என்று பார்க்க. புது மாத்திரை எழுதினாள். "இனி ஒரு வாரம் பார்க்கலாம். தேறலைன்னா ஆபரேஷன்தான்" என்றும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, பவுடர் எப்படிக் கொடுத்தீங்க?" என்றாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். கொதித்த ஜீரகத் தண்ணீரில், மாத்திரையோடு சேர்த்து. கூடவே, காய்ச்சிய மோர்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ ஆன்ட்டி! அது உயிருள்ளது. வேகவெச்சுக் கொடுத்திருக்கீங்க!" என்றாள். சூட்டில் பாதி செத்தது, கூடவே போன மாத்திரை மீதியைக் கொன்றது. ஆறின தண்ணீரில் கலக்க வேண்டும், மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், மாத்திரை முடிந்த பிறகும் கொஞ்ச நாள் கொடுக்க வேண்டும் என்றாள். சர்க்கரை போடாத தயிர் தாராளமாகத் தரலாம், காய்ச்சாமல். "மோர் காய்ச்சினா ருசி உண்டு, அவ்வளவுதான்." எல்லாருக்கும் இது கேட்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. இந்த ஊரில் லேகியம் விற்கிறவன்கூட இதைவிடத் தைரியமாகப் பேசுவான்.

டெஸ்டில் பொல்லாதது எதுவும் இல்லை. மறுநாள் நாத்தனார் வந்தபோது தட்டில் தயிர்சாதம் இருந்தது. அவள் வாயைத் திறக்குமுன் நான் திறந்தேன். "அக்கா, இந்தத் தயிரால சீழ் வெச்சா, மத்தியானம் பன்னண்டு மணிக்கு என்னைக் கோயில் கல்லுல நிக்க வையுங்கோ. அதுவரைக்கும் இந்த அடுக்களைல யாரும் மோர் காய்ச்சப்படாது." அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு தயிர்சாதம் சாப்பிட்டார். ஹைகோர்ட் அன்று சீக்கிரம் கலைந்தது.

வயிறு சட்டென்று ஒன்றும் கட்டிவிடவில்லை. மறுபடியும் இளகத்தான் செய்தது. ஆனால் முன்போல இல்லை, அவகாசம் கொடுத்தது. மாத்திரை மாறினதாலா, பவுடராலா, தயிராலா, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மாத்திரைக்கும் நான் எதிரில் நின்றேன். "நாக்கைத் தூக்குங்கோ" என்பேன், தூக்கிக் காட்டுவார். பரீட்சை டூட்டிக்குப் போகிற நாளில் ஒரு பையில் மாற்று வேட்டியும் டவலும் வைத்துக் கொடுத்தேன். பெரியவர்களுக்கு விற்கிற அந்தப் பெரிய டயபரையும் ஸ்டேஷன் பக்கம் தம்பானூருக்குப் போய் வாங்கி வந்து உள்ளே வைத்தேன். எங்கள் தெருக் கடையில் வாங்கினால் வாங்கி முடிப்பதற்குள் கோயில்வரைக்கும் செய்தி போயிருக்கும். பையைத் திறந்து பார்த்தவர் என்னை முறைத்தார். ஆனால் எடுத்துக்கொண்டு போனார். முனை ஸ்டாண்ட் ஆட்டோவிலேயே போனார். நான்தான் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை, "ஸாரே, விரல் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

கெடுவைத்த வாரம் முடிந்து டாக்டரிடம் போனோம். டாக்டர் கட்டைப் பிரித்து, அமுக்கி, திருப்பி, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தாள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய விரலின் செய்தி என் முகத்தில்தான் வரும் என்பதுபோல.

"விரல் இருக்கட்டும் அங்கிள்" என்றாள். "உங்களுக்கே வெச்சுக்கோங்க."

வெளியே வராந்தா நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. விசும்பல் இல்லை, ஓவென்று. டோக்கன் எடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நர்ஸ் ஓடி வந்து என்னவோ ஏதோ என்று கேட்டாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏய், ஷ்ஷ்... எல்லாரும் பார்க்கறா. அடக்கிக்கோ."

"அடக்கினா அடங்கறதா? உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, நான் அழுது முடிக்கிறவரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.