ஓடை வழியாகப் போகாத எங்கள் அக்கா

அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் கூடப்பிறந்த தம்பி எழுதிக்கொள்வது. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கம்பம்மெட்டில் ஏலக்காய் மூட்டை சுமந்து, அதே கம்பம்மெட்டில் சொந்தமாக ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் கட்டியவன். என் சரக்கை வியாபாரிகள் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், மூட்டையில் என் பெயர் இருந்தால் போதும். ஆகவே என் எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இருக்காது.

"நெனவு மலர்ல போயி சண்டைய எழுதாதீங்கப்பா, நல்லத மட்டும் எழுதுங்க" என்றாள் என் மகள். அந்தச் சண்டைதானம்மா உன் அத்தையின் வாழ்க்கை. அதை எடுத்துவிட்டால் பிறந்த ஊரும் பூமாலை போட்ட படமும்தான் மிஞ்சும்.

அக்கா பிறந்தது ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீட்டில். வரிசை வீடுகளில் ஒரே ஒரு அறை, அதில் ஆறு பேர். அப்பா போன பிறகு அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு எல்லைப்பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு வந்தார். அங்கே நாங்கள் குடியிருந்த லயத்தில் முதன்முதலில் பத்தாம் வகுப்பு தேறியவர் அக்கா. அங்கன்வாடி டீச்சரானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாங்கள் தலித் மக்கள். வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களாகி மூன்று தலைமுறை ஆகியும் தோட்டத்துக்காரர்களின் வாயில் எங்கள் பழைய பெயர் மாறவில்லை.

எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதை ஒரு ஏலத்தோட்டத்தின் நடுவே போகிறது. அது காலங்காலமாக இருந்த பாதை. தோட்டத்தை வாங்கிய மேல்சாதி முதலாளி, தன் வீட்டு முற்றத்தின் ஓரமாக எங்கள் பிணம் போகக் கூடாதென்று கேட் போட்டார். அவர் பெயரைப் போட அச்சகத்துக்காரர் பயப்படுகிறார். எனக்குப் பயமில்லை. லயத்தில் வைத்த பெயரே போதும்: கேட்டுக்காரர்.

அம்மா இறந்தபோது கேட் பூட்டிக் கிடந்தது. மழைக்காலம். ஓடையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்க, பெட்டி சாய்ந்து உள்ளே தண்ணீர் ஏறியது. என் தோளில் வழிந்தது அம்மாவைத் தொட்ட தண்ணீர். மூன்றாம் நாள் பேப்பரில் வந்தது: 'பாதைத் தகராறு: இரு பிரிவினர் வாக்குவாதம்.'

அக்கா அந்தப் பேப்பரோடு நிருபரைத் தேடிப் போனார். கூட நானும் போனேன்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?"

"அவுங்க வீட்டுக்குப் போயிருந்தேம்மா. வெவரமா சொன்னாரு. நீங்களும் வந்து சொல்லியிருக்கணும்."

"அங்க டீ குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. அதுக்கென்ன?"

"எங்க வீட்டுலயும் டீ இருக்கு. நீங்க குடிப்பீங்களான்னுதான் தெரியல."

அந்த ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கையை ஓங்கினேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "இவன அடிச்சா இவன் ஒருத்தனத்தான் அடிப்ப. நான் இவன் வேலைக்கு நம்ம ஆள அனுப்புதேன் பாரு" என்றார்.

அனுப்பினார். அங்கன்வாடி இல்லாத சனிக்கிழமைகளில், என் ஸ்டோருக்குப் பின்னால் நான் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகையில் செய்தி எழுதப் பழக்கினார். கொட்டகை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் என் உபயம். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. சூரியநெல்லியிலிருந்தும் ஏலப்பாறையிலிருந்தும் படித்த பிள்ளைகள் வந்தார்கள். டவுனில் பத்திரிகை வேலையில் இருக்கிறவர்களும் வந்தார்கள். அவர்களை முதல் நாள் லயத்தில் தங்க வைப்பார். எங்கள் தண்ணீரைக் குடிக்காதவனுக்கு எங்கள் செய்தி எதற்கு என்பார்.

யார் எழுதிக்கொண்டு வந்தாலும் அக்கா கேட்கிற முதல் கேள்வி, "டீ எங்க குடிச்ச?" குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டில் மட்டும் குடித்திருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அடுத்தது, எழுதியதை அனுப்பும் முன் அதில் வருகிற ஒவ்வொருவர் முன்னாலும் நின்று வாசித்துக் காட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும்தான், பாதகம் செய்தவருக்கும்தான்.

சூரியநெல்லி செல்வி என்று ஒரு பிள்ளை. முதலில் எழுதியபோது தலித் என்று போட்டால் மரியாதைக் குறைவென்று 'ஒரு பிரிவினர்' என்று எழுதிக்கொண்டு வந்தாள். "எந்தப் பிரிவு? பத்தாங்கிளாஸ் பி பிரிவா?" என்றார் அக்கா. கொட்டகையே சிரித்தது. "அடிச்சவனுக்கு நம்ம சாதி நல்லாத் தெரியுது. படிக்கிறவனுக்கு மட்டும் ஏன் மறைக்க?" என்றார். செல்வி அழுதுகொண்டே திருத்தி எழுதினாள். இன்றைக்கு அந்த 'இரு பிரிவினர்' பேப்பரிலேயே அவள் நிருபர். அக்கா சொன்னதைச் செய்தார், நான் நேரில் பார்த்தேன்.

கடைசி ஆறு மாதம் சிறுநீரகம் கைவிட்டது. ஒருநாள் மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏல தம்பி, அம்மாவக் கொண்டுபோன மாதிரி என்னைய ஓட வழியா கொண்டு போகாதல."

"லாரிய விட்டுக் கேட்ட இடிச்சிருதேன்க்கா."

"இடிச்சா உன்னப் பத்தித்தான் எழுதுவாங்க. கேட்டுக்காரன் பொழச்சிருவான். செல்விட்டச் சொல்லு."

அடக்கத்தன்று காலையிலும் கேட் பூட்டியிருந்தது. "ஓட வழியா சமாதானமாப் போயிருவோம் ஐயா, இப்ப தண்ணி கொஞ்சந்தான்" என்றார் எங்கள் சபை உபதேசியார். உறவுக்காரர்களில் சிலரும் அதையே சொன்னார்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. கேட்டுக்கு முன்னால் இரண்டு ஸ்டூல் போட்டுப் பெட்டியை இறக்கி வைத்தேன். நான் சொல்லியனுப்பியபடி செல்வியும் கொட்டகையில் படித்த பத்துப் பன்னிரண்டு பேரும் போனும் நோட்டுமாக வந்து நின்றார்கள்.

கேட்டுக்காரர் வெளியே வந்தார். "தோட்டத்துல மருந்து அடிச்சிருக்கப்பா. இன்னிக்கு ஒரு ஆளு உள்ள போகக் கூடாது. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

செல்வி எழுதினாள். எழுதி முடித்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாக வாசித்தாள்: "'பூச்சிமருந்து அடித்திருப்பதால், தலித் பெண்ணின் உடலைக் கொண்டுசெல்லப் பாதையைத் திறக்கவில்லை என்று தோட்ட உரிமையாளர் கூறினார்.' சரியா ஐயா?"

"சரிதான்."

"மருந்து அடிச்ச ஆள் பேரு?"

அந்தத் தோட்டத்தில் மருந்து அடிப்பவர் எங்கள் லயத்து அருளப்பன். பெட்டியின் தலைமாட்டைத் தூக்கி வந்தவரே அவர்தான். எங்கள் ஆளை விட்டால் கேட்டுக்காரருக்கு மருந்து அடிக்க ஆளில்லை. அதை அவரே மறந்துவிட்டார்.

"மொதலாளி, நாந்தானே அடிக்கேன்? நாலு நாளா மெஷினத் தொடலியே" என்றார் அருளப்பன்.

செல்வி அதையும் எழுதி அதையும் வாசித்தாள். "சேத்துக்கிடவா ஐயா?"

"எழுதாத."

"அப்ப என்ன காரணம்னு எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க. சொன்னத அப்படியே எழுதுறேன்."

உண்மைக் காரணம் அவர் நாக்கு நுனியில் இருந்தது. அத்தனை போனுக்கு முன்னால் அதைச் சொல்ல முடியவில்லை. சாவியை எங்கள் பக்கம் வீசினார். உபதேசியார் குனியப் போனார், நான் விடவில்லை. "பூட்டுனவரு தொறக்கட்டும்" என்றேன். வெயில் ஏறியது. பெட்டி ஸ்டூலில் இருந்தது. கடைசியில் கேட்டுக்காரரே வந்து, குனிந்து கம்பிக்கு அடியில் கைவிட்டுச் சாவியை எடுத்து, தன் கையால் திறந்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர் வீட்டு முற்றத்துக்கு நேராக வந்ததும் தோள் மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பெட்டியை இறக்கச் சொன்னேன். யாருக்கும் தோள் வலிக்கவில்லை. வேண்டுமென்றேதான் இறக்கினேன். உபதேசியாரை அங்கேயே ஒரு ஜெபம் செய்யச் சொன்னேன். நீளமாகச் செய்யச் சொன்னேன். கிறிஸ்தவனுக்கு இது அடுக்குமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்: அம்மாவின் பெட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் உங்கள் தோளில் வழியவில்லை.

செய்தி மறுநாள் தலைப்பில் 'தலித்' என்ற சொல்லோடு வந்தது. வில்லேஜ் ஆபீசிலிருந்து வந்து அளந்து, பொது வழி என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அருளப்பனுக்கு அந்த வாரமே வேலை போனது. இப்போது அவர் என் ஸ்டோரில் மேஸ்திரி.

நன்றி சொல்லும் இடம். கடைசி நாட்களில் அக்காவுக்கு உடம்பு துடைத்துவிட்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், கொட்டகையை இன்றும் சனிக்கிழமை தவறாமல் திறக்கிற செல்விக்கும், பெட்டி தூக்கிய ஆறு பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஓடை வழி போகலாம் என்று சொன்னவர்களுக்கு நன்றி இல்லை. மலர் மட்டும் உண்டு.

நினைவு நாளன்று காலை பத்து மணிக்கு எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். பாட்டோடு, குழந்தைகளோடு, மெதுவாக, கேட் வழியாகவே போகிறோம். குறுக்கு வழியில் யாரும் வர வேண்டாம். கேட்டுக்காரர் அன்று ஊரில் இருக்க வேண்டும் என்பதே என் ஒரே விண்ணப்பம். அவருக்கும் ஒரு மலர் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.